பூசணம் பிடிக்காத மேடைகள்

ஓட்டுப்பட்டறை, குன்னூர்
5.10.86

ஏனுங்க,

இங்கே நான் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், நினைப்பதற்குத் தபால் செலவு கிடையாதே. பொங்கலுக்கு நீங்கள் அனுப்பிய வாழ்த்து அட்டைக்குப் பிறகு ஒன்பது மாதம் கழித்து நமக்குள் போகிற முதல் கடிதம் இது. போஸ்டாபீஸில் வேலை பார்க்கிறவள் வீட்டுக்கே தபால் வருவதில்லை என்று ஆபீஸில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். மழை பிடித்துக்கொண்டது. சமையல் ரூம் அட்டாலியில் ஒழுகுகிறது என்று மேலே கிடந்த சாமானையெல்லாம் இறக்கினேன். மூலையில் உங்கள் தகரப் பெட்டி. வால்பாறை எஸ்டேட்டுக்கு மாற்றலாகிப் போனபோது கோணி ஊசி முதற்கொண்டு எடுத்துப் போனவர், இதை மட்டும் எப்படி மறந்தீர்கள்? திறந்து பார்த்தேன். பழைய வேட்டித் துணியில் சுற்றி, விரல் உயர ஈயச் சிப்பாய்கள். இருபத்துநாலு சின்ன மேடை, மேடைக்கு இரண்டு பேர். அவர்கள் போக, வர்ணமே படாமல், காலடியில் மேடையும் இல்லாமல் பதினாறு பேர். பெட்டி மூடியில் கர்னல் சுவிசேஷமுத்துவின் கையெழுத்து: ‘64 பேர், பெயிண்ட் செய்ய லிங்கசாமியிடம் கொடுத்தது.’

ஆக இது அவர் சொத்து. ரிட்டயர் ஆன மனுஷன் சனிக்கிழமை தவறாமல் பங்களாவில் பெரிய மேஜை போட்டு, நெப்போலியன் சண்டையைப் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தித் தாயக்கட்டை உருட்டி ஆடுவாரே, அதற்காக இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது. இரண்டு வருஷமாகத் திருப்பிக் கொடுக்காமல் இருக்கிறோம்.

நாளையோடு சரியாக இரண்டு வருஷம். அன்றைக்குப் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. கர்னல் நம் வீட்டுக்கு வந்து, என் கையால் டீ வாங்கிக் குடித்து, அரை மணி நேரத்தில் வாந்தி எடுத்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வாசலில் நின்று குடித்த டிரைவர் சின்னராஜும் அப்படித்தான். “சனிக்கிழமையானா புருசனைப் புடிச்சு வெச்சுக்கறாருன்னு காந்தல். பொம்பள என்னமோ கலந்துட்டா. அவ மட்டும் குடிக்கலயே, பாத்தீங்களா?” என்று சின்னராஜ் ஊரெல்லாம் சொன்னான். விரதம், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை என்று நான் சொன்னதை யார் கேட்டார்கள்? அன்றிலிருந்து இந்தத் தெருவில் ஒரு ஆள் நம் வீட்டில் டீ குடித்ததில்லை. கேஸ் சிலிண்டர் போடுகிறவன்கூட, “இப்பத்தானுங்க குடிச்சேன்” என்கிறான்.

இந்தப் பெட்டியை நானே கொண்டுபோய்க் கர்னல் கையில் கொடுக்கப் போகிறேன். அரைகுறையாகக் கொடுக்க மனசில்லை. அறுபத்துநாலு பேரும் முழுசாக நிற்க வேண்டும். அப்போதாவது என் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசுவார். பேசினால், நான் எதையும் கலக்கவில்லை என்று நானும் சொல்லிவிடுவேன்.

இந்தப் பதினாறு பேருக்கும் என்ன வர்ணம், எப்படி அடிப்பது என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
மருதாம்பாள்


வால்பாறை
11.10.86

அன்புள்ள மருதாம்பாளுக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள். ஓட்டைச் சீக்கிரம் மாற்றச் சொல்.

பெட்டியை அப்படியே ஒரு ஆள் மூலம் பங்களாவுக்கு அனுப்பிவிடு. நீ போக வேண்டாம். பழசைக் கிளறி என்ன ஆகப்போகிறது? பெட்டிக்குள் வேறு பொட்டலம், பாட்டில் ஏதாவது இருந்தால் கையால் தொடாதே, பிரிக்காமல் குழி தோண்டிப் புதைத்துவிடு. இங்கே பாக்டரியில் இலை வரத்து அதிகம், தூங்கவே நேரமில்லை.

பெயிண்ட் வேலை உனக்கு வராது. அது பொறுமை கேட்கிற காரியம். அப்படியே அடிப்பதாக இருந்தாலும் நேரே ஈயத்தின் மேல் நீலத்தை அப்பிவிடாதே. முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து வெள்ளை பூச வேண்டும். அவர்கள் பிரெஞ்சுக்கார லைட் இன்ஃபன்ட்ரி. மற்ற காலாட்படைக்கு வெள்ளைக் கால்சட்டை, இவர்களுக்குக் கோட்டும் நீலம், கால்சட்டையும் நீலம். கழுத்துப்பட்டை மஞ்சள். தோளில் இருக்கிற குஞ்சம் பச்சை. கெட்டியாக ஒரு பூச்சு கூடாது, தண்ணியாக மூன்று பூச்சு.

நீ செய்ய வேண்டாம். தெரிந்துகொள்ளத்தான் எழுதினேன்.

அன்புடன்,
லிங்கசாமி


ஓட்டுப்பட்டறை
19.10.86

ஏனுங்க,

வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மூன்று பூச்சு வரைக்கும் எழுதிவிட்டீர்கள். ரொம்ப சந்தோஷம். பெட்டியில் வேறு பாட்டிலும் இல்லை, பொட்டலமும் இல்லை. எதற்கு அப்படிப் பதறினீர்கள் என்றுதான் புரியவில்லை.

நான்கு பேரை முடித்துவிட்டேன்! கையில் பிடித்தால் வழுக்குகிறது என்று பார்சலுக்குச் சீல் வைக்கிற அரக்கை உருக்கி, காலி நூல்கண்டின் மேல் ஆளை நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். அரக்கு ஆறினால் அசையவே மாட்டான். வேலை முடிந்ததும் ஒரு தட்டு, கழன்று வந்துவிடுவான். இது உங்களுக்குத் தோன்றியிருக்காது.

கண்தான் ஆளைக் கொல்கிறது. சாமிக்குக் கண் திறப்பது கடைசியில்தானே என்று எல்லாம் முடித்துவிட்டுக் கண் வைத்தேன். பொட்டு கொஞ்சம் நகர்ந்தது, அதைத் துடைக்கப்போய் மூக்கு போனது, மூக்கைச் சரி பண்ணப்போய் மீசை போனது. முதல் ஆள் சளி பிடித்தவன்போல நிற்கிறான். இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று கேட்க வேண்டும். இவர்களுக்கு வரிசையில் நிற்கவே தெரியாதா? ஒருவன் மண்டி போட்டிருக்கிறான், ஒருவன் குனிந்து எட்டிப் பார்க்கிறான், ஒருவன் குச்சியை விட்டுத் துப்பாக்கியைக் குத்திக்கொண்டிருக்கிறான். கர்னல் வீட்டு மேஜையில் நான் ஒரே ஒரு தடவை பார்த்தபோது மற்ற சிப்பாய்களெல்லாம் ரேஷன் கடை க்யூ மாதிரி தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். இவர்கள் மட்டும் ஏன் மேடைக்கு இரண்டே பேர், அதுவும் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு?

டீப் பெட்டிப் பலகையை அறுத்து மேடை செய்துவிட்டேன். மேலே மண் மாதிரி ஒட்டியிருக்கிறீர்களே, மோந்து பார்த்தேன், டீத்தூள்! தேயிலை பாக்டரி டீ மேக்கர் புத்தி எங்கே போகும்? நானும் போஸ்டாபீஸ் மைதாப் பசையைத் தடவித் தூளைத் தூவி வைத்திருக்கிறேன். பார்க்க நம் மலைச் செம்மண் மாதிரியே இருக்கிறது.

நேற்று நடுராத்திரிக்கு முன்னே தூங்கிப்போனேன். ரொம்ப நாளாக அப்படித் தூங்கியதில்லை.

மருதாம்பாள்


வால்பாறை
26.10.86

அன்புள்ள மருதா,

அரக்கு விஷயத்தை இரண்டு தடவை படித்தேன். நிஜமாகவே எனக்குத் தோன்றவில்லை. நான் பன்னிரண்டு வருஷம் ஆளைக் கையில் பிடித்துக்கொண்டு திண்டாடினேன்.

கண்ணை முதலில் வை. கோவில் சிலைக்குத்தான் கடைசி. இவர்களுக்கு முகத்தில் வெள்ளை ஒரு கோடு, அதன் நடுவில் கறுப்புப் பொட்டு, பிறகு சுற்றிலும் தோல் நிறத்தைக் கொண்டுவந்து அதிகமானதை மூடிவிட வேண்டும். தப்பினாலும் அப்போது மூக்கு அடித்திருக்க மாட்டாய், அதனால் மூக்கு போகாது.

நீ கேட்ட கேள்வி கர்னல் என்னிடம் முதல் நாள் கேட்ட கேள்வி. இவர்கள் வரிசைக்கு முன்னால் போகிற ஆட்கள். மரத்துக்குப் பின்னால், பாறைக்குப் பின்னால், வேலியோரம் என்று சிதறி நின்று சுடுவார்கள். பெரிய படைக்கு உயரமானவர்களை எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த குள்ளமானவர்களையும் ஓட்டக்காரர்களையும் இதற்குப் பொறுக்குவார்களாம். கர்னல் இதைச் சொன்னபோது மேஜையில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், என் உயரம்தான் உனக்குத் தெரியுமே.

அவர்கள் எப்போதும் ஜோடியாகத்தான் போவார்கள். அதனால்தான் மேடைக்கு இரண்டு பேர். ஒருவன் சுட்டால் மற்றவன் உடனே சுடக் கூடாது. சுட்டவன் மருந்து போட்டு, குண்டு போட்டு, குச்சியால் இடித்து, “ஆச்சு” என்று சொல்லும்வரை இவன் குண்டு போட்ட துப்பாக்கியோடு காவல் நிற்க வேண்டும். இரண்டு பேர் துப்பாக்கியும் ஒரே நேரத்தில் காலியாக இருக்கக் கூடாது. அதுதான் அவர்கள் சட்டம். ஒட்டும்போது இருவரையும் நெருக்கி வைக்காதே. கட்டை விரல் அகலம் இடைவெளி விடு. ஆனால் ஒருவன் கூப்பிட்டால் மற்றவனுக்குக் கேட்கிற தூரம்.

மைதாப் பசை வேண்டாம், இந்த மழைக்கு ஆகாது. தச்சர்கள் உபயோகிக்கிற வஜ்ஜிரப் பசை வாங்கிக்கொள்.

இங்கே மெஸ் சாப்பாடு உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. நீ வைக்கிற கொள்ளு ரசம் நினைவுக்கு வந்தது.

அன்புடன்,
லிங்கசாமி


ஓட்டுப்பட்டறை
6.11.86

ஏனுங்க,

கண்ணை முதலில் வைத்தேன். அடடா, என்ன மாதிரி வந்திருக்கிறது தெரியுமா! பன்னிரண்டு பேர் ஆச்சு. சளிக்காரனையும் சுரண்டித் திரும்ப அடித்துவிட்டேன்.

இப்போது தலை போகிற சந்தேகம் ஒன்று. மைதாப் பசையில் ஒட்டிய மேடையெல்லாம் நான்காம் நாள் பூசணம். வெள்ளை வெளேரென்று, சிப்பாய்கள் பனியில் நிற்பது மாதிரி. சரி, நீங்கள்தான் சொன்னீர்களே என்று வஜ்ஜிரம் வாங்கினேன். அதிலும் பூசணம். அத்தோடு விட்டேனா? நான்கு மேடை செய்தேன். ஒன்றில் கோந்து, ஒன்றில் வஜ்ஜிரம், ஒன்றில் வெறும் வார்னிஷ், ஒன்றில் தூளை வாணலியில் வறுத்துவிட்டு ஒட்டினேன். நான்கையும் உங்கள் பழைய மேடை நான்கோடு ஜோடி சேர்த்து, ஒழுகுகிற அட்டாலியிலேயே வைத்தேன். நாலே நாள். என்னுடைய நான்கிலும் பூசணம், கூடக்குறைய. உங்களுடையதில் ஒரு பொட்டுகூட இல்லை! இரண்டு வருஷம் அந்த ஈரத்தில் கிடந்திருக்கிறது, ஒன்றும் இல்லை.

அதே தேயிலை, அதே வீடு, அதே மழை. ஊசியால் சுரண்டிப் பார்த்தேன். உங்கள் தூளுக்கு அடியில் லேசாகப் பச்சை பாய்ந்திருக்கிறது, பழைய பித்தளைச் சாமானில் பிடிக்குமே, அந்தப் பச்சை. தூளில் நீங்கள் என்னத்தைப் போட்டீர்கள்? அதைச் சொன்னால் போதும், மிச்சத்தை ஒரு வாரத்தில் முடித்துவிடுவேன்.

தீபாவளிக்கு அதிரசம் சுட்டேன். பக்கத்து வீட்டு வீரம்மாவுக்குக் கொடுத்தேன். “எதுக்கு மருதாம்பா இதெல்லாம்” என்று வாங்கிக்கொண்டாள். மறுநாள் துணி காயப்போடக் கொல்லைப்பக்கம் போனேன், என் அதிரசத்தை அவள் கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன. கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எட்டிப் பார்த்துச் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. உள்ளே வந்து அழுதேன்.

மருதாம்பாள்


வால்பாறை
12.11.86

அன்புள்ள மருதா,

உன் கடிதம் கண்டேன். தீபாவளி விஷயம் படித்து மனசு சரியில்லை. வீரம்மாவை விடு.

பூசணம் ஈரத்தால் வருவது. வெயில் அடிக்கிற நாளில் வாசலில் வைத்துக் காயவை. குன்னூரில் வெயில் எங்கே என்று கேட்பாய். அடுப்போரம் வைத்துக்கொள்ளலாம். அல்லது தேயிலைத் தூளே வேண்டாம், ஆற்று மணல் ஒட்டு. மணலே போதும்.

இங்கே போன வாரம் யானை வந்து தொழிலாளர் லைன் வீட்டுக் கதவை முட்டிவிட்டுப் போனது. எனக்கு ஒன்றும் இல்லை. கால் வலிக்கு எண்ணெய் தேய்க்கிறாயா? உன் சித்தப்பா மகள் கல்யாணம் எப்போது?

லிங்கசாமி


ஓட்டுப்பட்டறை
18.11.86

ஏனுங்க,

என் கேள்விக்குப் பதில் வரவில்லை.

இருபது வருஷமாகத் தபாலைக் கையில் வாங்குகிறவள் நான். ஒரே மூச்சில் எழுதிய கடிதம் எது, விட்டு விட்டு எழுதியது எது என்று பார்த்தாலே தெரியும். உங்கள் போன கடிதத்தில் பூசணம் என்ற இடத்தில் மை மாறியிருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வரியை அடித்து, அடித்ததன் மேல் திரும்ப அடித்திருக்கிறீர்கள். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன், படிக்க முடியவில்லை.

பெட்டியில் பாட்டில் இருந்தால் தொடாதே என்று முதல் கடிதத்திலேயே எழுதினீர்கள். என்ன பாட்டில்?

தூளில் என்ன போட்டீர்கள்?

மருதாம்பாள்


வால்பாறை
25.11.86

மருதா,

இதை நான்காவது தடவையாக எழுதுகிறேன்.

மயில்துத்தம்.

முதல் மழைக்கே என் மேடைகளும் பூசணம் பிடித்தன. தேயிலைச் செடிக்குக் கொப்புள நோய் வந்தால் எந்த விஷ மருந்தை அடிக்கிறோமோ, அதையே இதற்கும் போட்டால் என்ன என்று தோன்றியது. பாக்டரியில் சலித்த தூளைத் துத்தத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தேன். பார்க்கச் சாதாரண டீத்தூள் மாதிரியே இருந்தது. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, ஈரம் படக்கூடாது என்று நம் அடுப்புக்கு மேல் ஷெல்ஃபில் வைத்தேன். பெயர் எழுதி ஒட்டவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை.

டீ மேக்கர் வீட்டில் பாட்டிலில் டீத்தூள் இருந்தால் அது புதுச் சாம்பிள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நீ அதைத்தான் நினைத்தாய். கர்னல் வந்த நேரம் உன் டப்பாவில் தூள் தீர்ந்திருந்தது. நான் பன் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். உள்ளே வந்தேன், அடுப்புப் பக்கத்தில் அந்தப் பாட்டில் மூடி திறந்து இருந்தது.

பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். மிச்சத் தூள் ஏதும் தகரப் பெட்டியில் கிடக்குமோ என்றுதான் முதல் கடிதத்தில் அப்படிப் பதறினேன். ஆஸ்பத்திரியில் டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு இன்ன மருந்து என்று சொன்னேன், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். கர்னலுக்குச் சரியான வைத்தியம் நடந்தது அதனால்தான். அந்த ஒரு காரியத்தைச் செய்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

முதல் நாள் பயம். கர்னல் இனி என்னைச் சனிக்கிழமை சேர்க்க மாட்டாரே என்ற பயம். இவ்வளவுதான், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. அதற்குள் சின்னராஜ் உன்னைப் பேச ஆரம்பித்துவிட்டான். இனிமேல் சொன்னால் முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று இருந்துவிட்டேன். ஒரு வாரம் ஒரு மாதமானது. நீ டீ போட்டுக் கொண்டுவந்து வைப்பாய், வந்தவர்கள் தொடாமல் எழுந்து போவார்கள், நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வால்பாறைக்கு யாரும் என்னை மாற்றவில்லை. நானே எழுதிக் கேட்டு வாங்கினேன்.

லிங்கசாமி


ஓட்டுப்பட்டறை
1.12.86

ஏனுங்க,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் பிரித்தேன். அரை நாள் லீவ் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு நீங்கள் அந்தப் பாட்டிலைக் கழுவியதை நான் பார்த்தேன். கல்யாணம் ஆகிப் பதினெட்டு வருஷத்தில் நீங்கள் பாத்திரம் கழுவி அன்றுதான் பார்த்தேன். நான் பதறிக்கொண்டு நிற்கிறேன் என்று கூடமாட உதவுகிறார் என நினைத்தேன். இரண்டு வருஷமாக உங்கள் மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் அதை நினைத்துத்தான் ஆறுவேன். அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

அன்றைக்கு டீயில் பால் திரிந்த மாதிரி இருந்தது. பால்தான் கெட்டுவிட்டது என்று பால்காரர் மாரிச்சாமியை வாசலில் நிற்க வைத்து வாய்க்கு வந்தபடி பேசி நிறுத்திவிட்டேன். பதினோரு வருஷம் பால் ஊற்றியவர். உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதல் வேலையாக அவர் வீட்டுக்குப் போனேன். “தப்பு என் மேலதானுங்க, உங்க பால் நல்ல பால்தான்” என்றேன். அவர், “அதுக்கென்னுங்க, நாளைக்கே ஊத்தறேன்” என்றார். இவ்வளவுதான் ஆனது. போய் வர எனக்குக் கால் மணி நேரம்.

நீங்கள் எழுதினீர்களே, ஒருவன் துப்பாக்கி காலியாக இருக்கும்போது மற்றவன் காவல் நிற்க வேண்டும் என்று. அழகாக எழுதியிருந்தீர்கள், நானும் ஆசையாகப் படித்தேன். என் கை காலியாக இருந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? பேப்பருக்குப் பின்னால் இருந்தீர்கள். அந்த ஈயத்துக்குச் செய்கிற மரியாதையைக் கட்டினவளுக்குச் செய்யத் தோன்றவில்லை.

என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம். ஒன்றே ஒன்று செய்யுங்கள். எனக்கு எழுதியதைக் கர்னலுக்கு எழுதுங்கள். கவரில் போடாதீர்கள், இன்லேண்டிலும் வேண்டாம். கார்டில் எழுதுங்கள், போஸ்ட் கார்டில். இங்கிலீஷ் வேண்டாம், தமிழில், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கும் புரிகிற மாதிரி. கார்டு எங்கள் ஆபீஸ் வழியாகத்தான் பங்களாவுக்குப் போகும், சின்னராஜ்தான் வந்து வாங்கிப் போவான். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

எழுதாவிட்டால், இனி நான் எழுதுவதும் இல்லை.

மருதாம்பாள்


ஓட்டுப்பட்டறை
14.12.86

ஏனுங்க,

கார்டு புதன்கிழமை வந்தது. நான் படிக்கவில்லை. மற்றவர்கள் தபாலைப் படிப்பது சட்டப்படி குற்றம். ஆனால் தபால் பிரிக்கிற வேலுமணி படித்தான், படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். தபால்காரர் ஒச்சப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். போஸ்ட்மாஸ்டர், “என்ன அங்க கூட்டம்” என்று வாங்கி அவரும் படித்தார். பொடி எழுத்தில் ஓரமெல்லாம் எழுதி, முகவரிப் பக்கத்திலும் பாதி நிரப்பியிருந்தீர்களாம். ‘என் மனைவிக்கு ஒன்றும் தெரியாது, பாட்டிலை வைத்ததும் நான், மறைத்ததும் நான்’ என்று இருந்ததாக ஆளாளுக்கு வந்து சொன்னார்கள்.

பதினொரு மணிக்குச் சின்னராஜ் வந்தான். ஜன்னலுக்கு வெளியே நின்றே படித்தான். அவனுக்குத் தமிழ் மெதுவாகத்தான் வரும். நான் ஸ்டாம்ப்பு கிழித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில், “அக்கா” என்றான். “க்யூல நிக்கறாங்க, நவுரு தம்பி” என்றேன். அவனைத் திட்ட இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

நேற்று சனிக்கிழமை. பெட்டியைத் துடைத்து, பங்களாவுக்குக் கிளம்பலாம் என்று புடவை மாற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் கர்னல். காரில் வரவில்லை, தூறலில் குடை பிடித்து நடந்தே இறங்கி வந்திருக்கிறார். தெருவில் எல்லாக் கதவும் திறந்துகொண்டது. வந்தவர் அன்றைக்கு டீ குடித்த அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “டீ கெடைக்குமாம்மா?” என்றார்.

டம்ளரை மூன்று தடவை கழுவினேன். மாரிச்சாமி பால். அவர் முழுசாகக் குடித்தார், வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கிற மாதிரி குடித்தார். குடித்துவிட்டு, “இன்னொரு டம்ளர்” என்றார். வீரம்மா வேலியோரம் நின்றவள், “எனக்கும் இருந்தா அரை டம்ளர் குடு மருதாம்பா” என்று உள்ளேயே வந்துவிட்டாள். அரை டம்ளர்தான் கொடுத்தேன். கேட்டது அவ்வளவுதானே.

பிறகு பெட்டியைத் திறந்தார். பூதக்கண்ணாடி கொண்டுவந்திருந்தார். பதினாறு பேரையும் ஒவ்வொருவராக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேடையில் ஆற்று மணலை ஒட்டி, காய்ந்த பிறகு அதன் மேல் டீத்தூள் நிறத்தில் பெயிண்ட் அடித்திருக்கிறேன். பூசணமும் இல்லை, விஷமும் இல்லை. மணல் நீங்கள் சொன்னது, பெயிண்ட் எனக்குத் தோன்றியது, உங்களுக்குத் தோன்றவில்லை.

“இந்தக் கண்ணு யாரு வெச்சது?” என்று கேட்டார்.

“நானுங்க.”

“லிங்கசாமி அடிச்ச பயலுவ எல்லாம் கீழ பாத்துக்கிட்டு நிப்பானுவ. நானும் குனிஞ்சு ஒளிஞ்சு போற படைதானேன்னு விட்டுட்டேன். இது நேரா பாக்குது.” அப்புறம் சொன்னார், “அடுத்த சனிக்கிழமை வாங்க. இந்தப் பதினாறு பேரை நீங்களே நடத்துங்க.”

ஆட்டம் எனக்குத் தெரியாது என்றேன். ஜோடிச் சட்டம் தெரியுமா என்று கேட்டார். அது மட்டும் நன்றாகத் தெரியும் என்றேன்.

போகும்போது, “லிங்கசாமி வருவானாம்மா?” என்றார். தெரியாதுங்க என்று சொல்லிவிட்டேன். ராத்திரி முழுக்க அதே கேள்விதான் எனக்கும்.

கார்டு எழுதியதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். எனக்குக் கோபம் இருக்கிறது, இன்னும் ரொம்ப நாள் இருக்கும். வால்பாறைக்கு வந்து குடித்தனம் செய்ய மாட்டேன், வேலையையும் விட மாட்டேன். நீங்களும் ஒரேயடியாக மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டாம். தோளோடு தோள் ஒட்டி நிற்பது நமக்கு எப்போதும் வரவில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்து பார்ப்போம், அது வருகிறதா என்று.

சனிக்கிழமை வேண்டுமானால் வாங்க. டீ நீங்கள்தான் போட வேண்டும். ஷெல்ஃபில் எல்லா டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டிவிட்டேன், சீரகம் முதற்கொண்டு. டீத்தூள் இடது பக்கம் இரண்டாவது.

முதல் டம்ளரை என் எதிரில் நீங்கள் குடியுங்கள். அப்புறம் எனக்கு ஊற்றுங்கள்.

மருதாம்பாள்